ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

கேள்வி: பல வளரும் நாடுகளின் சிறு விவசாயிகள் சங்கங்களுக்காகப் பயிற்சிக் கையேடு தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். சர்வதேச வர்த்தக ஒப்பந்தங்கள் பற்றிய பகுதி என் பொறுப்பு. 'ஒப்பந்தம் வந்தால் ஏற்றுமதி பெருகும், விவசாயி நிமிர்ந்துவிடுவான்' என்கிறது ஒரு தரப்பு. 'உலக வர்த்தக அமைப்பு மானியத்தை நிறுத்திவிடும், விதையைப் பிடுங்கிக்கொள்ளும், இறக்குமதி வந்து எல்லாம் அழியும்' என்கிறது இன்னொரு தரப்பு. யாரை நம்புவது? ஆயிரம் பக்க ஒப்பந்தத்தில் ஒரு ஹெக்டேர் வைத்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும்? எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டால் பலன் இருக்கும்?

பதில்: இரண்டு தரப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். கையேட்டின் முதல் பக்கத்திலேயே மூன்று எண்களைப் போடுங்கள். எந்த விளைபொருளை எடுத்தாலும் அதற்கு மூன்று விதமான இறக்குமதி வரி உண்டு. உலக வர்த்தக அமைப்பில் 'இதற்கு மேல் போக மாட்டோம்' என்று நாடு எழுதிக்கொடுத்திருக்கும் உச்ச வரம்பு ஒன்று. இன்று சுங்கத்தில் உண்மையில் வசூலிக்கும் நடப்பு வரி இரண்டு. ஒப்பந்தக் கூட்டாளி நாட்டுக்கு மட்டும் தரும் சலுகை வரி மூன்று. பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

உச்ச வரம்புக்கும் நடப்பு வரிக்கும் நடுவில் பல வளரும் நாடுகளில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஹெய்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு உலக வர்த்தக அமைப்பில் அந்த நாடு எழுதிக்கொடுத்த வரம்பு 50 சதவீதம். ஆனால் 1995இல் நடப்பு வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து இறங்கியது, உள்ளூர் நெல் விவசாயம் படுத்தது. அந்தக் கொள்கையை முன்தள்ளியதற்காக பில் கிளிண்டன் 2010இல் அமெரிக்க செனட் குழு முன் வருத்தம் தெரிவித்தார். வரியை அவ்வளவு கீழே இறக்கச் சொன்னது உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் அல்ல. கடன் நிபந்தனையும் அரசியல் நெருக்கடியும் சேர்ந்து செய்த வேலை அது. கானாவின் கதையும் இதே ரகம். உறைந்த கோழி இறைச்சிக்கான வரியை 20இலிருந்து 40 சதவீதமாக்க 2003இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கானாவின் உச்ச வரம்பு 99 சதவீதம் என்பதால் ஒப்பந்தப்படி எந்தத் தடையும் இல்லை. அப்படியிருந்தும் சர்வதேச நாணய நிதியத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்த சூழலில் சில மாதங்களுக்குள் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.

மெக்ஸிகோவின் மக்காச்சோளம் இன்னும் கூர்மையான பாடம். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றுக்கும் இடையே 1994 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் மக்காச்சோளத்துக்கு 15 ஆண்டு அவகாசம் தந்தது. அமெரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 25 லட்சம் டன் என்ற கோட்டாவரை வரியின்றி வரலாம், அதற்கு மேல் வருவதற்கு 200 சதவீதத்தைத் தாண்டிய வரி என்பது ஏற்பாடு. காகிதத்தில் இது வலுவான அணைதான். ஆனால் கோட்டாவைத் தாண்டி வந்த சரக்குக்கு அந்த வரியை மெக்ஸிகோ அரசு வசூலிக்கவே இல்லை. உணவு விலையையும் தீவன விலையையும் கீழே வைக்க நினைத்தது. 15 ஆண்டுப் பாதுகாப்பு சில ஆண்டுகளிலேயே கரைந்தது. ஆனாலும் நாட்டின் மொத்த மக்காச்சோள உற்பத்தி குறையவில்லை, கூடியது. வடமேற்கில் பாசன வசதியுள்ள பெரிய பண்ணைகள் விளைச்சலைப் பெருக்கின. தெற்கில் மானாவாரியாக விதைத்து, மிஞ்சியதை விற்றுக் கைச்செலவைப் பார்த்தவர்களுக்கு விலை அடிபட்டது. அவகேடோ, தக்காளி, பெர்ரி ஏற்றுமதி பல மடங்கானது. அதுவும் தண்ணீரும் முதலும் உள்ளவர்களுக்குத்தான் கிடைத்தது. ஆகவே 'ஒப்பந்தத்தால் நாட்டு விவசாயத்துக்கு லாபமா நஷ்டமா' என்ற கேள்வியைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்தப் பயிர், எந்தப் பாசனம், எவ்வளவு விற்பனை உபரி என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும்.

இதையெல்லாம் வைத்து 'ஒப்பந்தங்கள் அப்பாவி, அரசுகளே குற்றவாளி' என்று எழுதிவிடாதீர்கள். உலக வர்த்தக அமைப்பு விட்டுவைத்த அந்த இடைவெளியைத்தான் புதிய இருதரப்பு ஒப்பந்தங்கள் மூடுகின்றன. பேச்சுவார்த்தை தொடங்கும்போது 'அடிப்படை வரி' என்று ஒரு தேதியின் வரியைப் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது அன்றைய நடப்பு வரிதான். உச்ச வரம்பு 80, நடப்பு 15 என்றால் குறைப்பு 15இலிருந்து தொடங்கும். மீதி 65 புள்ளி அந்தக் கூட்டாளிக்கு எதிராக நிரந்தரமாகப் போய்விட்டது. இதோடு 'அசையா நிலை' ஷரத்து ஒன்று இருக்கும். இன்றுள்ள வரியை இனி உயர்த்தக்கூடாது, புதிய வரி போடக்கூடாது என்பது அதன் சாரம். குறைப்புப் பட்டியலிலிருந்து விலக்கு வாங்கிய பொருளுக்கும் இது பொருந்துமா என்பதை ஷரத்தின் முதல் வரியிலேயே பாருங்கள். 'எங்கள் பயிர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது' என்று நிம்மதியாக இருக்கும் சங்கம், விலை சரியும் ஆண்டில் வரியை உயர்த்தக் கேட்கும்போதுதான் கை கட்டப்பட்டிருப்பதைக் கண்டுகொள்ளும்.

இனி படிக்கும் முறை. முன்னுரை, நோக்கங்கள், ஒத்துழைப்பு அத்தியாயங்களை ஒதுக்கிவையுங்கள். கடைசியில் இருக்கும் இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள். வரி அட்டவணை பெயர்களால் ஆனதல்ல, எச்.எஸ். குறியீட்டு எண்களால் ஆனது; சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்தும் எண்கள் இவை. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அதற்குப் பின் வருபவை நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் விளைபொருளின் எண்ணை மட்டும் தேடினால் போதாது. அது எந்தெந்த வடிவத்தில் உள்ளே வர முடியும் என்று எல்லா எண்களையும் எடுங்கள். சங்கங்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பதப்படுத்தாத புதுத் தக்காளி 0702. தக்காளிக் கூழும் பேஸ்டும் 2002. முதல் எண்ணுக்கு நல்ல வரி, இரண்டாவதுக்குச் சொற்ப வரி என்றால், பீப்பாய் பீப்பாயாகப் பேஸ்ட் வந்து உள்ளூர்க் கூழ் ஆலைகளை மூட வைக்கும். விவசாயியின் அறுவடை உச்சத்தில் மிஞ்சும் பழத்தை வாங்க ஆள் இருக்காது. பாலும் அப்படித்தான். திரவப் பால் 0401, பால் பவுடர் 0402. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த பவுடர் இன்னொரு அத்தியாயத்தில், 1901.90இல் ஒளிந்திருக்கும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது வரி அட்டவணையில் மொத்தமாக வரும் பால் பவுடருக்கு 5 சதவீதம்தான். அங்கே மாடு வளர்ப்பவர்கள் போட்டியிடுவது பாலோடு அல்ல, பவுடரோடு.

எண்ணைக் கண்டுபிடித்ததும் அதே வரியில் அடிப்படை வரியும் குறைப்பு வகையும் இருக்கும். குறைப்பு வகை ஓர் எழுத்தாகவோ குறியீடாகவோ இருக்கும். 'உடனே பூஜ்யம்', 'ஐந்து சம தவணை', 'பத்து சம தவணை', 'விலக்கு', 'கோட்டா' என்று அதன் விளக்கம் அட்டவணையின் தொடக்கக் குறிப்பில் கிடைக்கும். அதைத் தெரிந்துகொண்டபின் ஒரு கணக்குப் போடுங்கள். பயிற்சி வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டே ஆக வேண்டும்.

துறைமுகத்தில் வந்திறங்கும் இறக்குமதிச் சரக்கின் விலை 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். வரி 40 சதவீதம். துறைமுகச் செலவும் மொத்தச் சந்தைவரை வண்டி வாடகையும் 12. ஆக, சந்தையில் 152. உள்ளூர் விளைபொருள் பண்ணையில் 120, சந்தை சேர்க்க 20, ஆக 140. இன்று நம்மவர் 12 அலகு மலிவு. இப்போது வரி ஐந்து சம தவணையில் பூஜ்யமாகிறது. முதல் ஆண்டு 32 சதவீதம்: இறக்குமதி 144. இன்னும் தாக்குப்பிடிக்கிறது. இரண்டாம் ஆண்டு 24 சதவீதம்: 136. அங்கேயே முடிந்தது. ஐந்து ஆண்டு அவகாசம் என்று மேடையில் சொன்னது இந்தப் பயிருக்கு இரண்டே ஆண்டு. ஒவ்வொரு பயிருக்கும் இந்த 'கடக்கும் ஆண்டு' எது என்று தெரிந்தால்தான் அவகாசத்தைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

அதே பலகையில் இன்னொரு வரி. ஒப்பந்தமே இல்லை, வரி 40 சதவீதம் அப்படியே இருக்கிறது, உலக விலை மட்டும் 100இலிருந்து 85க்கு இறங்குகிறது. 85இன் மீது 40 சதவீத வரி சேர்ந்து 119, செலவு 12, ஆக 131. வரி ஒரு புள்ளி குறையாமலேயே நம்மவர் 9 அலகு தோற்றுவிட்டார். காரணம், சதவீத வரி விலையோடு சேர்ந்து தானும் இறங்கும். தேவைப்படும் நேரத்தில் மெலியும். சதவீதத்துக்குப் பதில் டன்னுக்கு இவ்வளவு என்று 40 அலகு நிலையான வரியாக இருந்திருந்தால் 85, 40, 12 சேர்ந்து 137. தோல்வி மூன்று அலகோடு நிற்கும். வரி எவ்வளவு என்பதோடு எந்த வடிவத்தில் என்றும் கேட்கச் சொல்வது இதனால்தான். பணக்கார நாடுகளின் வேளாண் அட்டவணைகளைப் புரட்டினால் கிலோவுக்கு இவ்வளவு, நூறு கிலோவுக்கு இவ்வளவு என்ற வரிகள் நிறையத் தென்படும். அவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து, இறக்குமதி திடீரென்று குவிந்தால் என்ன வழி என்ற கேள்வி. 'அதற்குத்தான் பாதுகாப்பு ஷரத்து இருக்கிறதே' என்பார்கள். எந்தப் பாதுகாப்பு என்று கேளுங்கள். 1995இன் வேளாண் ஒப்பந்தத்தில் ஐந்தாம் பிரிவு நல்ல கருவி. இறக்குமதி அளவு வரம்பைத் தாண்டினாலோ, விலை குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனாலோ, பாதிப்பை நிரூபிக்காமலே கூடுதல் வரி போடலாம். ஆனால் அந்தச் சமயத்தில் பழைய இறக்குமதித் தடைகளை வரியாக மாற்றி, அட்டவணையில் அந்தப் பொருளுக்கு நேரே அடையாளம் போட்டுக்கொண்ட நாடுகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். வளரும் நாடுகளில் பெரும்பாலானவை அப்படிச் செய்யவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவர்கள் கேட்ட சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடு பற்றிய சண்டையில்தான் 2008 ஜூலையில் உலக வர்த்தக அமைப்பின் ஜெனீவா பேச்சு முறிந்தது. அதே அமைப்பின் 2015 நைரோபி மாநாடு கொள்கையளவில் அந்த உரிமையை ஒப்புக்கொண்டது. ஏற்பாடு இன்னும் வரவில்லை.

மீதமிருப்பது, இறக்குமதி திடீரெனக் கூடும்போது எடுக்கும் பொதுப் பாதுகாப்பு நடவடிக்கையும், சொந்த நாட்டு விலையைவிட மலிவாக இங்கே தள்ளும் சரக்குக்குப் போடும் பொருள் குவிப்புத் தடுப்பு வரியும். இரண்டுக்கும் விசாரணை உண்டு, பாதிப்பை நிரூபிக்க வேண்டும். குவிப்புத் தடுப்பு விசாரணையில் தற்காலிக வரிகூட விசாரணை தொடங்கி 60 நாள் கழித்துத்தான். முழு விசாரணை ஓராண்டில் முடிய வேண்டும், நீண்டால் பதினெட்டு மாதம். மூன்று வாரத்தில் அழுகிவிடும் விளைபொருளுக்கு இந்தக் காலக்கணக்கு எந்த உதவிக்கும் ஆகாது. சேமித்துவைக்கக்கூடிய தானியம், எண்ணெய்வித்து, நார்ப்பயிர்களுக்கு ஓரளவு பயன்படும். இன்னொரு தடை, மனுவுக்கான தகுதி. உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தை விளைவிப்பவர்களின் ஆதரவு வேண்டும். கருத்துச் சொன்னவர்களின் உற்பத்தியில் பாதிக்கு மேல் ஆதரவாக இருக்க வேண்டும். பத்து லட்சம் பேர் விளைவிக்கும் பயிரில் யார் போய்க் கையெழுத்து வாங்குவது? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஓர் அடிக்குறிப்பு உதவும். குவிப்புத் தடுப்பு ஒப்பந்தத்தின் 5.4ஆம் பிரிவுக்கான அடிக்குறிப்பு, உற்பத்தியாளர்கள் மிக அதிக எண்ணிக்கையில் சிதறிக்கிடக்கும் துறைகளில் புள்ளியியல் முறைப்படி எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பை ஏற்கலாம் என்கிறது. உங்கள் நாட்டு விதிகளில் இந்த வசதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எந்த வெளிநாட்டோடும் பேசாமலே திருத்தக்கூடிய விஷயம் அது.

இருதரப்பு ஒப்பந்தத்தில் தனியாகப் பாதுகாப்பு ஷரத்து இருந்தால் அதில் மூன்றைச் சோதியுங்கள். பாதிப்பை நிரூபிக்க வேண்டுமா, அளவோ விலையோ தாண்டினாலே தானாக இயங்குமா? கூடுதல் வரி எந்த மட்டம்வரை போகலாம்? ஷரத்து எப்போது காலாவதி? பெரும்பாலான ஒப்பந்தங்களில் வரிக்குறைப்புக் காலம் முடிந்ததும் ஷரத்தும் முடிந்துவிடும். அதாவது வரி பூஜ்யமாகி, ஆபத்து முழுதாக வரும் நாளில் குடையை மடித்து வாங்கிக்கொள்வார்கள்.

மானியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'உலக வர்த்தக அமைப்பு மானியத்தைத் தடைசெய்கிறது' என்பது தவறு. வேளாண் ஒப்பந்தத்தின் 6.2ஆம் பிரிவு, வளரும் நாடுகளில் வருமானமும் வளமும் குறைந்த விவசாயிகளுக்குத் தரும் இடுபொருள் மானியத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆராய்ச்சி, விரிவாக்கப் பணி, பயிர்நோய்க் கட்டுப்பாடு, சந்தைக் கட்டமைப்புக்கான செலவுகள் 'பச்சைப் பெட்டி' என்ற அனுமதிக்கப்பட்ட வகையில் வரும், உச்ச வரம்பு இல்லை. சிக்கல் வருவது அரசு நிர்ணய விலையில் கொள்முதல் செய்யும்போது. அந்த ஆதரவைக் கணக்கிட ஒப்பிடும் விலை 1986–88ஆம் ஆண்டுகளின் சர்வதேச விலையில் உறைந்துகிடக்கிறது. முப்பது நாற்பது ஆண்டுப் பணவீக்கம் முழுதும் 'மானியம்' என்று கணக்காகிறது. வளரும் நாட்டுக்கான அனுமதியோ அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம். 2013 பாலி மாநாட்டின் சமாதான ஷரத்து, அப்போது நடைமுறையில் இருந்த உணவு இருப்புத் திட்டங்களை வழக்கிலிருந்து காக்கிறது. அதற்கும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அரசு அந்தக் கணக்கை நேரத்துக்குக் கொடுக்கிறதா என்று சங்கம் கேட்பது நல்லது.

உண்மையான அநியாயம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. மானியக் குறைப்பு, ஏற்கெனவே அதிகம் கொடுத்துவந்த நாடுகளுக்குப் பெரிய அடிப்படையிலிருந்து தொடங்கியது. பருத்தி அதற்குச் சாட்சி. அமெரிக்கப் பருத்தி மானியம் உலக விலையை அழுத்துகிறது என்று பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளும் 2003இல் முறையிட்டன. பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து வென்றது. 2014இல் அமெரிக்கா 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பணம் போனது பிரேசில் பருத்தித் துறைக்கு. அந்த மேற்கு, மத்திய ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு நேரடி இழப்பீடு எதுவும் இல்லை. வழக்கு நடத்தும் செலவும், பதிலடி வரி போட்டால் எதிராளிக்கு வலிக்கும் அளவுக்குச் சந்தையும் இருக்கும் நாட்டுக்குத்தான் இந்த வழக்கு முறை பயன்படுகிறது.

விதையைப் பொறுத்தவரை, 'வர்த்தகம்' என்ற அத்தியாயத்தில் தேடாதீர்கள். 'அறிவுசார் சொத்துரிமை' அத்தியாயத்தில், ஒப்பந்த நாடுகள் சேர வேண்டிய உடன்படிக்கைகளின் பட்டியலில் 'யுபோவ் 1991' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்; புதிய பயிர் ரகங்களை உருவாக்கியவருக்கு உரிமை தரும் சர்வதேச உடன்படிக்கை அது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸ் 27.3(பி) பிரிவில், பயிர் ரகங்களுக்கு நாடு தன் விருப்பப்படி தனிச்சட்டம் செய்துகொள்ள இடம் தருகிறது. யுபோவ் 1991இல் சேர்ந்தால் அந்த இடம் சுருங்கும். பதிவு பெற்ற ரகத்தின் விதையைச் சொந்த நிலத்தில் மறுபடி விதைப்பதை அரசு விரும்பினால் வரம்போடு அனுமதிக்கலாம். அக்கம்பக்கத்தாரோடு மாற்றிக்கொள்வதும் விற்பதும் அந்த விலக்குக்குள் வராது. பதிவில்லாத நாட்டு ரகங்களை இது தொடாது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். அரைகுறைப் பீதியால் சங்கத்தின் மரியாதைதான் குறையும். கொலம்பியாவில் சான்றில்லாத விதைப் புழக்கத்தைக் கட்டுப்படுத்திய 970ஆம் எண் தீர்மானம், 2013 விவசாயிகள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. உள்நாட்டு விதிமுறை என்பதால் தெருவில் இறங்கி நிறுத்த முடிந்தது. உடன்படிக்கையில் சேர்ந்தபின் விலகுவது அத்தனை சுலபமல்ல.

ஏற்றுமதி வாய்ப்பு சிறு விவசாயிக்குக் கிடைக்குமா என்றால், கிடைக்கும். வழியில் நிற்பது வரி அல்ல. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆயுதம் தவிர எல்லாமே வரியின்றிப் போகலாம். ஆனாலும் அலமாரியில் அந்த நாடுகளின் பொருள் குறைவு. பூச்சிமருந்து எச்சத்துக்குத் தனி வரம்பு நிர்ணயிக்காத இடங்களில் ஐரோப்பாவின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே தாண்டிவிடக்கூடிய அளவு. வேறு பயிருக்கு அடித்த தெளிப்பானைக் கழுவாமல் எடுத்து வருவது, மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடைவெளி விடாதது, சேகரிப்பு மையத்தில் எல்லோருடையதையும் ஒரே குவியலாகக் கொட்டுவது: சரக்குத் திரும்பி வருவதற்கு இந்த மூன்றுதான் வழக்கமான காரணம். மூன்றாவதுதான் மிக மோசம், ஒருவர் தவறுக்கு முழுக் கன்டெய்னரும் போகும். கூடைக்கு விவசாயி எண், தேதி, வயல் எண் எழுதிய சீட்டு கட்டி, தரம் பிரிக்கும்வரை கலக்காமல் வைத்தால் பழுதான கூடையை மட்டும் ஒதுக்கலாம்.

இதற்கு மேல், கடைச் சங்கிலிகள் கேட்கும் குளோபல் கேப் (நல்ல வேளாண் நடைமுறைச் சான்று) போன்ற தனியார் சான்றுகள். இவை எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, ஆகவே எந்த ஒப்பந்தத்தாலும் இவற்றைத் தளர்த்த முடியாது. தனியாளுக்குச் செலவு கட்டாது, குழுவாகச் சேர்ந்தால் கட்டும். குழுச் சான்றில் வெளித் தணிக்கையாளர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குப் பண்ணைகளைப் பார்ப்பார். 100 பேர் என்றால் 10 பண்ணை, 225 பேர் என்றால் 15. உறுப்பினர் கூடக்கூடத் தலைக்குச் செலவு இறங்கும். ஆனால் உள் ஆய்வாளர் எல்லாப் பண்ணையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துப் பதிவு வைத்திருக்க வேண்டும். தோற்றுப்போகும் குழுக்கள் இந்தப் பதிவில்தான் தோற்கின்றன. பயிரில் குறை இருப்பதால் அல்ல. வாங்குபவரோடு ஒப்பந்தம் போடும்போது, சரக்கு நிராகரிக்கப்பட்டால் யார் நஷ்டம் என்ற வரியைப் பணம் தரும் தேதிக்கு முன்பே படியுங்கள்.

வரிச்சலுகையை மட்டும் நம்பி நடவு செய்வதிலும் ஆபத்து உண்டு. சலுகை என்பது மற்றவருக்கு வரி இருக்கும்வரைதான் சலுகை. ஐரோப்பா லத்தீன் அமெரிக்க வாழைக்கான வரியைக் குறைக்கக் குறைக்க, கரீபியனின் விண்ட்வர்ட் தீவுகளில் சரிவு நிலத்தில் வாழை வைத்திருந்த ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் தொழிலைவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் வரி கூடவில்லை, அடுத்தவர் வரி குறைந்தது, அவ்வளவுதான். நேர்மாறான ஆபத்து கம்போடியாவில் தெரிந்தது. ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் சர்க்கரை போகலாம் என்றானதும் கரும்புத் தோட்டத்துக்கு நிலம் தேடி வந்தார்கள், பட்டா இல்லாத குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஏற்றுமதிச் சலுகை வரும் பயிருக்கு நிலத்தின் மதிப்பு ஏறும். நிலப் பதிவு சரியில்லாத இடத்தில் சலுகை வருமுன் பதிவைச் சரிசெய்வதே சங்கத்தின் முதல் வேலை.

எப்போது கேட்பது? கையெழுத்துக்குப் பின் நாடாளுமன்றத்தில் பொதுவாக 'ஆம்' அல்லது 'இல்லை' மட்டுமே, திருத்தம் கிடையாது. பலன் உள்ள காலம், நாடு தன் முதல் வரிச்சலுகைப் பட்டியலை எதிராளிக்குக் கொடுப்பதற்கு முந்தைய மாதங்கள். அப்போது உரை ரகசியமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கோரிக்கைக்கு உரை தேவையில்லை, குறியீட்டு எண் போதும். ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான ஆர்செப் பேச்சிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகியதற்குப் பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். அவர்கள் கையெழுத்துக்கு முன்பே பேசினார்கள்.

கோரிக்கை மனு இரண்டு பக்கம் போதும். பொருளின் எல்லா எச்.எஸ். எண்களும், ஐந்தாண்டு மாத விலையும், முப்பது நாற்பது விவசாயிகளிடம் எடுத்த உற்பத்திச் செலவும், மேலே சொன்ன கடக்கும் ஆண்டுக் கணக்கும் அதில் இருக்க வேண்டும். எல்லாப் பயிருக்கும் விலக்குக் கேட்காதீர்கள். தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 'கணிசமாக அனைத்து வர்த்தகத்தையும்' உள்ளடக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் அடிப்படைச் சரக்கு வர்த்தக ஒப்பந்தமான காட்டின் 24ஆம் பிரிவு சொல்வதால் விலக்குக்கான இடம் குறைவு. அந்த இடத்துக்கு எஃகுத் துறையும் வாகனத் துறையும் வரிசையில் நிற்கும். நான்கைந்து எண்களைத் தேர்ந்து உறுதியாக நில்லுங்கள். விலக்குக் கிடைக்காவிட்டால் எதில் இறங்குவது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்: அடிப்படை வரியாக உச்ச வரம்பை எடுத்தல், குறைப்பைக் கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளுதல், அறுவடை மாதங்களில் மூடும் கோட்டா, தானாக இயங்கி நிரந்தரமாக நீடிக்கும் பாதுகாப்பு ஷரத்து, எடைக்கு இவ்வளவு என்ற வரி. கோட்டா என்று ஒப்புக்கொண்டால் இறக்குமதி உரிமம் யாருக்கு, எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். அறுவடை வாரத்தில் மொத்தக் கோட்டாவையும் ஒரே வியாபாரி இறக்கினால் சிறிய கோட்டாவும் விலையை உடைத்துவிடும்.

ஒப்பந்தம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால், மாதாமாதம் சுங்க இறக்குமதிப் புள்ளிவிவரத்தை உங்கள் எண்களுக்கு மட்டும் எடுத்து ஒரு தாளில் ஏற்றிவாருங்கள். மூன்றாம் நாட்டுச் சரக்கு, கூட்டாளி நாட்டில் விளைந்தது என்று காட்டும் மூலநாட்டுச் சான்றோடு வந்தால் அங்கேதான் தெரியும். அந்த நாடு விளைவிக்கும் அளவைவிட அதிகமாக அங்கிருந்து வந்துகொண்டிருக்கும். அந்த ஒரு தாளை வைத்துச் சுங்கத் துறையிடம் சான்றுச் சரிபார்ப்புக் கேட்கலாம். ஏற்றுமதிக் குழுக்கள் 'ஈபிங்' என்ற இலவச எச்சரிக்கைச் சேவையில் பதிந்துகொள்ளட்டும். எந்த நாடு எந்த எச்ச வரம்பை மாற்றப்போகிறது என்ற முன்னறிவிப்பு மின்னஞ்சலில் வரும். கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் அவகாசம் உண்டு, உங்கள் நாட்டு அறிவிப்பு மையம் வழியாகத்தான் கருத்து போக வேண்டும். அந்த மையத்தின் அதிகாரி யார், எந்த அறையில் இருக்கிறார் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.